கடலில் ஒரு நீலப் புள்ளி

எங்கள் தெருவில் யார் போன் வாங்குவதாக இருந்தாலும் முதலில் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு, நான் சொன்ன ஒன்றைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு வருவார்கள். வாங்கிய பிறகு அதையும் என்னிடமே தூக்கிக்கொண்டு வந்து, "ஏலே, இதுல சத்தம் கூட வைக்கிறது எப்படி?" என்பார்கள். எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்லி மாளாது.

எனக்கு இருபத்தாறு வயது. இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை, வீடு தங்கச்சிமடத்தில். யாத்திரை வந்தவர்கள் விடியும் முன்னே தீர்த்தமாடக் கிளம்பிவிட்டால், ஈரத்துணியோடு திரும்பி வந்து வெந்நீர் வரவில்லை என்று சண்டை போட எட்டு மணியாவது ஆகும். அதுவரைக்கும் மேசை, மின்விசிறி, நான், என் போன். உலகத்தில் வெளிவருகிற எல்லா போனையும் எல்லா வண்டியையும் பற்றி நான் தெரிந்துகொண்டது அந்த நேரத்தில்தான். எந்த போனில் எத்தனை கேமரா, அதில் எத்தனை வெறும் அலங்காரத்துக்கு, எந்த வண்டியின் செயின் சீக்கிரம் தொய்யும், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்பதில்லை. டீக்கடையில் வைத்துக் கேட்பார்கள். கேட்டுக்கொண்டே வடைத் தட்டைப் பார்ப்பார்கள்.

வண்டிகளைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே ஒரு கருத்துதான். அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எங்கள் தீவில் வண்டிக்கு எதிரி பள்ளமும் இல்லை மேடும் இல்லை, உப்புக்காற்று. கடையில் மின்னிக்கொண்டு நிற்கிற சைலன்சர் இங்கே வந்து ஒரு வருஷத்தில் அடியில் பொத்தல் விழுந்து டிராக்டர் மாதிரி சத்தம் போடும். ஆகவே பளபளப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கறுப்புப் பூச்சு அடித்த வண்டியாக எடு, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவு, செயினுக்கு எண்ணெய் விடு. இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது? என் பெரியப்பா மகன், என்னைவிட நாலு மாதம் மூத்தவன், என்னை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து இத்தனையும் கேட்டான். தலையாட்டினான். போனில் குறித்துக்கூடக் கொண்டான். மறுவாரம், சக்கரத்திலிருந்து கண்ணாடி வரை பளபளக்கிற ஒரு பெரிய வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினான்.

"ஏண்டா இப்படிப் பண்ண?"

"போட்டோவுல நல்லா இருந்துச்சுடா. திருவிழா அன்னைக்குத் தேருக்கு முன்னாடி இதுல போனா எப்படி இருக்கும்?"

அந்த வண்டியைக் கடற்கரை மணலில் நிறுத்தினால் ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதைந்து வண்டி சாய்ந்து படுத்துவிடும். தூக்க மூன்று பேர் வேண்டும். மூன்றாவது ஆள் எப்போதும் நான்தான்.

என்னுடைய வண்டி இரண்டு கை மாறி வந்த பழைய வண்டி. அதைச் சொல்லிக்காட்டாத ஆள் ஊரில் இல்லை. "இம்புட்டுத் தெரிஞ்சவன் நீ ஏன்டா இதை ஓட்டிட்டுத் திரியுற?" என்பார்கள். நல்ல வண்டி எது என்று தெரிந்திருப்பதும் அதை வாங்க முடிவதும் ஒன்றா?

நாட்டு நடப்பில் இன்னும் மோசம். எங்கள் ஊரில் நாட்டு நடப்பு என்றால் பாதிக்கு மேல் கடல் நடப்புதான். இன்றைக்கு எந்தப் படகைப் பிடித்தார்கள், யாரை விட்டார்கள், டீசல் என்ன ஆயிற்று, புது ரயில் பாலத்தை எப்போது தூக்கினார்கள், எப்போது இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் எனக்குக் கருத்து உண்டு. பாலத்தைத் தூக்குகிற இயந்திரத்தைப் பற்றி மட்டுமே ஒரு மாதம் பேசியிருப்பேன். எல்லைக்கோட்டு விஷயத்தில் நான் சொன்னது மிகவும் எளிமையானது. கோடு எங்கே இருக்கிறது என்று இப்போது சின்னப் பிள்ளையின் போன்கூடச் சொல்கிறது. கிட்டே போனால் சத்தம் போடும்படி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் எப்படித் தாண்டுகிறார்கள்?

விசைப்படகு ஓட்டுகிற ஒருவர் அன்றைக்கு டீக்கடையில் இருந்தார். கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "கோடு எங்கன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதாலே? படகை நிறுத்திக்கிடலாம். வலையை நிறுத்துவியா? நீரோட்டம் இழுத்துட்டுப் போகும்போது அதுகிட்டப் போய் உன் போனைக் காட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கும் நான் ஒரு பதில் வைத்திருந்தேன். சொல்ல வாயைத் திறப்பதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

இப்படி ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் என் பேச்சைக் கேட்காமல் போன காலத்தில், கேட்ட ஒரே ஆள் என் அக்கா. ஒரே அக்கா, என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளை எங்கள் தெருவிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சானுக்கு நாட்டுப்படகு, பின்னால் இன்ஜின் மாட்டிய சின்னப் படகு. அவரும் ஒரு கூட்டாளியும்தான் போவார்கள். போன வருஷம் எங்கள் தெருப் படகு ஒன்று அந்தப் பக்கத்தில் பிடிபட்டுப் போனது. போனவர்கள் வீடு திரும்ப வாரக்கணக்கு ஆயிற்று. அதிலிருந்து என் அக்காவுக்கு, மச்சான் கடலுக்குப் போகிற நாளெல்லாம் சோறு இறங்குவதில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது தெரியாமல் நிற்பாள்.

எனக்கு அது தாங்கவில்லை. அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், இதற்கு என்னிடம் தீர்வு இருக்கிறது என்பது எனக்கு மகா சந்தோஷமாகவும் இருந்தது. தண்ணீர் புகாத போன் ஒன்று என்னிடம் இருந்தது. அதை மச்சானுக்குக் கொடுத்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்பது அக்காவின் போனிலும் என் போனிலும் மேப்பில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்தேன். எல்லைக்கோட்டையும் மேப்பில் வரைந்து வைத்தேன்.

"இது எங்கன கெடந்தாலும் காட்டிக் குடுத்துரும் மச்சான். டவர் கிடைக்கிற தூரம் வரைக்கும் கவலையே இல்ல."

மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ விழுந்தா?"

"ஒண்ணும் ஆகாது."

"தண்ணிக்குள்ள கெடந்தா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றேன்ல?"

"சரி மாப்ள" என்று இடுப்பில் சொருகிக்கொண்டார். அவர் எதற்காக அவ்வளவு விசாரித்தார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. முதல்தடவையாக ஒருவர் நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறாரே என்று பூரித்துப்போயிருந்தேன்.

அக்காவுக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது. எனக்குத்தான் இறங்காமல் போனது. லாட்ஜில் ஒரு குடும்பத்துக்குச் சாவி எடுத்துக் கொடுப்பதற்குள் மூன்று தடவை அழைப்பாள். "ஏலே, புள்ளி நிக்குதுலே." வலை போட்டுவிட்டு நிற்பார், அக்கா. "ஏலே, புள்ளி திரும்புதுலே." வீட்டுக்கு வருகிறார், அக்கா. "வீட்டுக்கு வந்தா இப்படியா வளைஞ்சு வருவாரு?" அக்கா, அது கடல், அங்கே ரோடு கிடையாது. மச்சான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடல்ல வச்சு நான் ஒரு பீடி குடிக்கப் படகை நிறுத்துனாக்கூட உங்க அக்காவுக்குத் தெரியுதுடா" என்று சலித்துக்கொண்டார். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை.

அந்த நாள் காலை எட்டரை இருக்கும். வடக்கேயிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் மேசையைச் சுற்றி நின்று வெந்நீருக்காக என்னைக் கிழித்துக்கொண்டிருந்தது. அக்கா அழைத்தாள். நான் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். எடுத்து, "என்னக்கா இப்ப?" என்று எரிந்து விழுந்தேன்.

"புள்ளி நிக்காமப் போகுதுலே. கிழக்க போகுது. மெதுவாப் போகுது. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்காரு."

நானும் பார்த்தேன். நீலப் புள்ளி கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது, ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக. நான் கணக்குப் போட்டேன். இன்ஜினில் போனால் இந்த வேகம் கிடையாது. நங்கூரம் போட்டிருந்தால் நகரவே நகராது. ஆகவே இன்ஜின் நின்றுவிட்டது, நங்கூரமும் பிடிக்கவில்லை, படகு நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு எல்லையைப் பார்த்துப் போகிறது. இதை இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்ததில் எனக்குள் ஒரு மூலையில் பெருமைகூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மச்சானுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டாளியின் போனுக்கு அடித்தேன். அவருடைய அம்மா எடுத்தார். "அவன் இதைக் கடலுக்கு எங்க கொண்டு போறான்? அலமாரியிலல்ல கெடக்கு" என்றார். வெந்நீர்க் குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். நான் ஊருக்குள் நுழையும்போது புள்ளி நின்றுவிட்டது. டவர் போய்விட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒட்டினாற்போல, அசையாமல் இருந்தது.

கரையில் மூன்று படகுகள் அப்போதுதான் வந்திருந்தன. வலையை மணலில் இழுத்துப்போட்டு, கண்ணியில் சிக்கியதை ஒவ்வொன்றாக எடுத்து மீன் கழித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஏற்கெனவே அங்கே வந்து நின்றாள், செருப்பில்லாமல். நான் போனை நீட்டினேன். எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். எங்களுக்கு எதிர்வீட்டு அண்ணனுடைய படகு அதில் ஒன்று. அவர்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

"அவன் இன்னைக்குக் கிழக்க போற ஆள் இல்லையே. வலையைப் போட்டுட்டு மேக்க போய் நண்டு வலை எடுக்கணும்னுல்ல நேத்துச் சொன்னான்."

"அவரு சொன்னது இருக்கட்டும்ணே. போன் இங்கல்ல காட்டுது? போன் பொய் சொல்லாதுண்ணே."

"இந்த எடத்துலதான் நிக்கானா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம், அல்லது தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். நான் அத்தோடு நிறுத்துகிற ஆளா? "புள்ளி நின்னது டவர் இல்லாததுனாலதாண்ணே. படகு நின்னுட்டதா அர்த்தம் இல்ல. இந்நேரம் இன்னும் கிழக்க போயிருக்கும். இதைத் தாண்டித்தான் பாக்கணும்" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. கடலில் ஒருவனைக் காணோம் என்றால் எங்கள் கரையில் யாரும் யோசிக்க மாட்டார்கள், யார் எவர் என்று பார்க்க மாட்டார்கள். கழித்த மீனைப் போட்டது போட்டபடி விட்டு, கழிக்காத வலையை அப்படியே மணலில் குவித்துவிட்டு, மூன்று படகையும் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். எதிர்வீட்டு அண்ணன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், கொண்டுவந்த தூக்குவாளியை வாங்கிப் படகுக்குள் வைத்துக்கொண்டு, திறக்காமலே இன்ஜினை இழுத்தார். என் பேச்சைக் கேட்டு ஆறேழு பேர் ஒரே நிமிடத்தில் கிளம்பிப் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர்கள் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேற்கேயிருந்து ஒரு படகு வந்தது. மச்சானுடைய படகு.

மச்சான் இறங்கினார். கூட்டாளி நண்டுக் கூடையை இறக்கினார். மச்சான் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன?" என்றார்.

அக்கா எழுந்தாள். ஓடினாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே இருந்தாள். நான்தான் கேட்டேன், "போன் எங்க மச்சான்?"

"வலையில."

"வலையிலன்னா?"

"போன வாரம் பெரிய படகு ஒண்ணு மேல ஏறிப் போயி, வலை அத்துக்கிட்டு, ரெண்டு நாள் தேடுனேன்ல? அதான் இன்னைக்கு டப்பாவுல போட்டுக் கொடிக்கம்புல கட்டி விட்டுட்டேன். நீதானே மாப்ள சொன்ன, எங்கன கெடந்தாலும் காட்டும்னு?"

கடலில் போட்ட வலையின் முனை தெரிவதற்காக மிதவையில் கொடி கட்டிய கம்பு ஒன்று நிறுத்துவார்கள். அதில் போய் என் போனைக் கட்டியிருக்கிறார். வலை அன்றைக்கும் அறுந்திருக்க வேண்டும். கம்பும் போனுமாக நீரோட்டத்தில் கிழக்கே போயிருக்கிறது.

"போனை அங்கன கட்டிட்டா நீங்க எதுல பாப்பீங்க?" என்று கத்தினேன்.

"ஒங்க அக்கா போன்ல. வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டு, எங்கன நிக்குதுன்னு பாத்துட்டு, போய் எடுத்தாப் போச்சு."

"அதை அக்காகிட்டச் சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"கடல்ல வச்சுத்தானே தோணுச்சு. சொல்றதுக்குப் போன் வேணாமா? அதைத்தான் கட்டியாச்சே."

அவர் சொன்னதில் ஓர் ஓட்டைகூட எனக்குக் கிடைக்கவில்லை. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. போன் பொய் சொல்லவில்லை. எங்கே இருந்ததோ அங்கேதான் காட்டியது. அது மச்சானின் இடுப்பில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாக முடிவு செய்துகொண்டேன். மச்சான் மேற்கே போவார் என்று சொன்ன மனிதரை நானே வாயை அடைத்துக் கிழக்கே அனுப்பியிருக்கிறேன்.

விஷயம் புரிந்ததும் மச்சானின் முகம் மாறியது. "எத்தனை பேர் போயிருக்காங்க?" என்றார். மூன்று படகு என்றோம். எங்கே என்றார். நான் சொன்னேன். எதுவரைக்கும் என்றார். அதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் படகைத் தள்ளப் போனார். அக்கா மறித்துக்கொண்டு நின்றாள். "ஒங்களைத் தேடி இனி யாரை அனுப்புறது? நீங்க எங்கயும் போகக் கூடாது" என்றாள். மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டு ஆட்கள் கோட்டுப் பக்கம் போயிருந்தும் சொன்னார்கள்.

போனவர்களில் இரண்டு பேரிடம் போன் இருந்தது. அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் மறுபடி மறுபடி மரியாதையாகச் சொல்லியது. மணலில் போட்டுப் போன மீனைப் பெண்கள் கழித்து ஐஸில் போட்டார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா மகன் வந்து என் பக்கத்தில் நின்றான்.

இரண்டு மணிவாக்கில் இரண்டு படகுகள் திரும்பின. கோட்டுப் பக்கம் ரோந்துக் கப்பல் ஒன்று தூரத்தில் தெரிந்ததும் திரும்பிவிட்டார்களாம். எதிர்வீட்டு அண்ணன் மட்டும் திரும்பவில்லை. "தம்பி சொன்ன எடத்தைப் பாத்துட்டு வந்துருதேன்னு போனாரு" என்றார் ஒருவர். தம்பி நான்தான்.

மதினி அதைக் கேட்டாள். தண்ணீர் ஓரமாகப் போய் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்; வேறு எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. வெயில் பிடரியில் அடித்தது. அவள் முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"தம்பி, அந்த போன்ல எங்க வீட்டுக்காரரு எங்கன இருக்காருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"அவருகிட்ட அது இல்ல மதினி. மச்சான் போன்ல மட்டுந்தான் போட்டிருக்கேன்."

"அப்ப இவரு எங்கன இருக்காருன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது மதினி."

அவள் தலையாட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுவாள் என்று நின்றேன், காறித் துப்புவாள் என்றுகூட நின்றேன். அவளோ, கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டதைப் போலக் கேட்டுக்கொண்டு மறுபடியும் கிழக்கே பார்த்தாள்.

நாலரை மணிக்கு என் கையில் போன் அதிர்ந்தது. நீலப் புள்ளிக்கு உயிர் வந்திருந்தது. காலையில் நின்ற இடத்தில் அது இல்லை. நல்ல வேகத்தில், நேர்கோடாக, எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அந்த வேகம் இன்ஜின் வேகம். யாரோ கம்பையும் போனையும் எடுத்துப் படகில் போட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்கு நிச்சயமில்லை. காலையில் இவ்வளவு தெரிந்திருந்தாலே நான் பத்து முடிவு சொல்லியிருப்பேன். இப்போது வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. போனை மதினியிடம் காட்டினேன்.

"இந்தப் புள்ளி நம்ம பக்கம் வருது மதினி. யாரு கொண்டு வாராங்கன்னு இதுல தெரியாது."

அவள் போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்னிடம் திருப்பித் தரவே இல்லை. கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, அந்தப் புள்ளியை மட்டும் பார்த்தாள். திரை இருண்டால் பதறிப்போய் என்னிடம் நீட்டுவாள். தொட்டுக் கொடுத்தால் மறுபடி பார்ப்பாள். படகு கண்ணுக்குத் தெரிந்து, அது யாருடையது என்று கரையில் இருந்தவர்கள் கூவிய பிறகும் அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் படகு கரை தட்டியது. உள்ளே அறுந்த வலை ஒரு குவியலாகக் கிடந்தது. அதற்கு மேலே கொடிக்கம்பு. அவர் இறங்கினார், கையில் டப்பாவோடு. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோட்டை ஒட்டிப் போய், படகில்லாத வலையையும் ஆளில்லாத போனையும் கண்டெடுத்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? அந்தப் பக்கத்துக்காரர்கள் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார். தலையைக் குனிந்தபடி என் அக்காவை நோக்கி நடந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் மச்சான் நின்றார்.

அண்ணன் நின்றுவிட்டார். டப்பாவை மணலில் போட்டார். மச்சானின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, "ஒம் பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்றதுன்னு வழிபூரா நெனச்சுக்கிட்டு வாரேன்டா பாவி" என்று அழுதார். மச்சானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடி வாங்கிய கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நான் டப்பாவை எடுத்தேன். உள்ளே போன் நனையாமல் இருந்தது. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. நல்ல பேட்டரி என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அந்த நொடிக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தச் சனியனை எல்லார் போனிலிருந்தும் எடுத்துவிட வேண்டும், இனி யாருக்கும் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நான் நிற்கும்போது மதினி வந்தாள். புருஷனின் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவர் முகத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு அவருடைய சட்டைப்பையில் கையை விட்டு, ஈரம்படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தம்பி, இதுலயும் அந்தப் புள்ளியைப் போட்டுக் குடு."

"எனக்கு அதெல்லாம் வேணாம்" என்றார் அண்ணன்.

"ஒங்களுக்கு இல்ல," என்றாள் மதினி, "எனக்கு."

வேண்டாம் மதினி, அது எதையும் காப்பாற்றாது என்று சொல்ல நினைத்தேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது. வாங்கிக்கொண்டேன்.